பவளத் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? வாசகர் கேள்வி பதில்

உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபில்டர் பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் விவரம் கூடுதலாக எழுதியவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

வாசகர், செராஸ்: முன்பு அரோவானா என்ற நன்னீர் மீன் வளர்த்த நாலடித் தொட்டியை (120×45×45 செ.மீ.) உப்புநீருக்கு மாற்றி எட்டு மாதம் ஆகிறது. அதே பெரிய கேனிஸ்டர் ஃபில்டர்தான் ஓடுகிறது. உள்ளே பீங்கான் வளையங்களை நிறைத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. ஆனால் நைட்ரேட் 50 பிபிஎம்மை (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பாறையெல்லாம் பச்சை முடிப்பாசி, பவளங்கள் சுருங்கியே கிடக்கின்றன. வாரம் தவறாமல் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றுகிறேன். இன்னும் பெரிய கேனிஸ்டர் போடலாமா?

வேண்டாம். பெரியது போட்டால் அதே நைட்ரேட்டை இன்னும் மும்முரமாகத் தயாரிப்பீர்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. கேனிஸ்டர் மிதக்கும் கழிவைப் பஞ்சில் பிடித்து ஒரு டப்பாவுக்குள் அடைக்கிறது. கண்ணுக்கு மறைந்ததே தவிர, அந்தக் கழிவு தொட்டியை விட்டுப் போகவில்லை. தொட்டித் தண்ணீர் முழுவதும் அதன் மேலேதான் மணிக்குப் பலமுறை ஓடி வருகிறது. அது அங்கேயே அழுகி அம்மோனியா ஆகிறது. வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகிறது. அத்தோடு சரி. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் எட்டாத மூலை வேண்டும். நல்ல துளையுள்ள லைவ் ராக்கின் (பாக்டீரியா குடியேறிய கடற்பாறை) உட்புறத்தில் அந்த மூலை இருக்கிறது. தண்ணீர் விரைந்து ஓடும் கேனிஸ்டரில் இல்லை. அரோவானா 50 பிபிஎம் நைட்ரேட்டைக் கண்டுகொள்ளாது. பவளத்துக்கு அது 2 முதல் 10க்குள் இருந்தால் நிம்மதி.

உங்கள் எண்ணையே கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி புரதமுள்ள உலர் தீனி 1 கிராமில் ஏறக்குறைய 0.08 கிராம் நைட்ரஜன் இருக்கும். அது முழுவதும் நைட்ரேட்டானால் 350 மில்லிகிராம். 240 லிட்டர் தொட்டியில் அது 1.5 பிபிஎம். மீனின் உடலில் தங்குவதும் பாசி எடுத்துக்கொள்வதும் போக, வாரம் 5 பிபிஎம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் அந்தத் தொட்டி எங்கே போய் நிற்கும்? சரியாக 50இல். 50இல் பத்தில் ஒரு பங்கு 5; அந்த வாரம் வந்தது அந்த வாரமே போகிறது, பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. நீங்கள் தண்ணீர் மாற்றுவதில் குறையில்லை. வரவைக் குறைக்க வேண்டும், அல்லது செலவுக்கு இன்னொரு வழி திறக்க வேண்டும்.

ஃபில்டர் எதை வாங்கும் முன்பும் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: இது கழிவைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கிறதா, உள்ளேயே ஒளித்து வைக்கிறதா? அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் எடுக்கிறது. நாமே வெட்டி வீசும் கடற்பாசி எடுக்கிறது. மூன்று நாளுக்கொரு முறை கழற்றும் பஞ்சும் எடுக்கிறது. மூன்று மாதம் திறக்காத கேனிஸ்டர், பாக்டீரியா குடியேற பிளாஸ்டிக் பந்துகள் நிறைத்த பயோ பால் கோபுரம், மாதக்கணக்கில் மாற்றாத ஃபில்டர் சாக்ஸ் பை எல்லாம் ஒளித்து வைக்கிற ரகம்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் பஞ்சையும் ஸ்பாஞ்சையும் வாரம் ஒருமுறை கழற்றி, தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்புநீரில் அலசுங்கள். பிறகு வளையங்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி கால்வாசியாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் மறுநாளும் மூன்றாம் நாளும் அம்மோனியா பாருங்கள். ஏறினால் அடுத்த கால்வாசியைத் தள்ளிப் போடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் அங்கிருந்த பாக்டீரியா மொத்தமாகப் போய், மீன் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். தொட்டியில் லைவ் ராக் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இந்த அளவுக்கு 20 முதல் 25 கிலோ இருந்தால் வளையங்கள் இல்லாமலே சமாளிக்கும். எடை குறைவான, துளை அதிகமுள்ள பாறையானால் அதைவிடக் குறைவும் போதும்.

கூடவே பின்கண்ணாடியில் தொங்கவிடும் வகை ஸ்கிம்மர் ஒன்று மாட்டுங்கள். சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) வைக்க ஆசைப்பட்டுப் பழைய தொட்டியின் அடிக்கண்ணாடியில் துளை போட வேண்டாம். டெம்பர்ட் கண்ணாடியாக இருந்தால் துளைக்கருவி பட்ட நொடியில் மொத்தத் தட்டும் பொடிப்பொடியாகும். காலியான கேனிஸ்டரை வீசிவிடாதீர்கள். ஆக்டிவேட்டட் கார்பன் வைக்க அது அருமையான இடம்: 240 லிட்டருக்கு ஒரு கப், 250 மில்லி போதும், கரித்தூள் போக அலசி வலைப்பையில் இட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

வாசகர், பட்டர்வொர்த்: 300 லிட்டர் தொட்டி, கீழே சம்ப். ஸ்கிம்மர், அல்லது கடற்பாசி வளர்க்கும் அறை, இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது கையில் காசு இருக்கிறது. எதை முதலில் வாங்குவது? நண்பர் ஒருவரின் புது ஸ்கிம்மர் இரண்டு நாளாகப் பொங்கி வழிந்து சம்ப் அலமாரியே நனைந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து பயமாகவும் இருக்கிறது.

ஸ்கிம்மர் முதலில். இந்த இரண்டில் கழிவு அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே பிடித்து வெளியே எடுப்பது அதுதான். அதோடு தண்ணீருக்குள் காற்றைத் திணிப்பதால் ஆக்சிஜனும் தருகிறது. நம் ஊர்ச் சூட்டில் இது சின்ன லாபமில்லை: கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 6.2 மட்டுமே.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் பயம் போய்விடும். மீன் கழிவிலும் தீனிச் சாற்றிலும் உள்ள புரதம் போன்ற பொருள்களுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை வெறுக்கும். வெறுக்கும் முனை காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே இருப்பதால் ஒட்டிக்கொள்ள இடம் ஏராளம். நன்னீரில் அவை சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். அதனால்தான் அரோவானா தொட்டிக்கு ஸ்கிம்மர் வைப்பதில்லை. குமிழிகள் மேலேறிக் கழுத்துக் குழாயில் நெருக்கும்போது நடுவிலுள்ள நல்ல தண்ணீர் கீழே வடிந்து, அழுக்கு ஏறிய நுரை மட்டும் கோப்பையில் விழும்.

உங்கள் நண்பருடையது புதுக் கருவிகள் எல்லாம் செய்கிற கூத்துதான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு வாளியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நன்றாக அலசிப் பொருத்தினால் அடங்கும். அதற்குப் பிறகும் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை கழுத்து மட்டத்தைத் தாழ்த்தி, அதாவது நீர் வெளியேறும் வால்வை நன்றாகத் திறந்து வையுங்கள். கோப்பை வடிகுழாயைச் சம்புக்குள் விடாமல் தனி வாளியில் விடுங்கள். சம்புக்குள் விட்டால் எடுத்த அழுக்கெல்லாம் ஒரே இரவில் திரும்பப் போய்விடும்.

ஸ்கிம்மர் நிற்கும் அறையில் தண்ணீர் மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். பல மாடல்கள் 18 முதல் 22 செ.மீ. கேட்கும், பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். நீர் ஆவியாகிக் குறைந்தால் மட்டமும் குறைந்து நுரை படுத்துவிடும், நிரப்பினால் பொங்கும். ஆகவே அந்த அறைக்குத் தடுப்புக் கண்ணாடி உயரமாக இருக்கட்டும். ஆவியாகும் குறைவு பம்ப் அறையில் மட்டுமே தெரியும்படி பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் நுரையே வராவிட்டால் எண்ணெய்ப் பசையுள்ள உறைதீனி போட்டிருப்பீர்கள், அல்லது காற்றுக் குழாயின் ஊசித்துளையில் உப்பு அடைத்திருக்கும்; மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரை உறிஞ்சவிட்டால் கரையும். திடீரென்று பொங்கினால் குளோரின் நீக்கும் மருந்தோ, பவளம் ஒட்டும் எபாக்சிப் பசையோ, லோஷன் தடவிய கையோ உள்ளே போயிருக்கிறது.

கோப்பையில் சேர்வது தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் இருந்தால் ஈரமாக எடுக்கிறது, கெட்டிக் கோப்பி ஓ போல் இருந்தால் உலர்ந்து எடுக்கிறது. மீன் அதிகமுள்ள தொட்டிக்கு தே ஓ நல்லது. கழுத்தின் உட்சுவரில் பசை படிந்தால் நுரை ஏறாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். கருவி வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம், மீன் நிறைந்த தொட்டிக்கு என்று சொல்லும் சின்ன எண்ணைப் பாருங்கள். அதற்காக ஆயிரம் லிட்டர் ஸ்கிம்மரை 300 லிட்டரில் வைத்தாலும் சரிவராது. நுரையைத் தாங்க அழுக்குப் போதாமல் அது பாதி நாள் சும்மா சுழலும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கரைந்த கரிமப் பொருளில் 20 முதல் 35 விழுக்காட்டைத்தான் ஸ்கிம்மரால் எடுக்க முடியும். ஏற்கெனவே நைட்ரேட், பாஸ்பேட் ஆகிவிட்டதை அது தொடவே தொடாது. அதற்குத்தான் கடற்பாசி. கையில் காசு சேர்ந்ததும் சம்பில் ஓர் அறையில் கீட்டோமார்பா வையுங்கள். பார்க்கப் பச்சைக் கம்பி நார்ச்சுருள் மாதிரி இருக்கும். மேல் தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதன் விளக்கு எரியட்டும், இரவில் பிஎச் விழுவதையும் கொஞ்சம் தடுக்கும். இரு மடங்கானதும் பாதியைப் பிய்த்து வீசுங்கள். வீசினால்தான் அது ஃபில்டர். பொத்திப் பொத்தி வளர்த்தால் வெறும் அலங்காரம். கௌலெர்பா பாசி அழகாக இருக்கிறதென்று எடுத்துவிடாதீர்கள். சில சமயம் அது ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குத் திரும்பி வெளுத்துப்போய், உறிஞ்சியதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிடும்.

வாசகர், ஸ்தாப்பாக்: கொண்டோ (அடுக்குமாடி) வீட்டில் குடிநீர் ஃபில்டர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்புக் கலந்தால் போதாதா? ஆர்ஓ வைத்தே ஆக வேண்டுமா?

மணலும் கார்பனும் உள்ள குடிநீர் ஃபில்டர் சேற்றையும் குளோரினையும் நீக்கும். கரைந்திருக்கும் சிலிக்கேட், நைட்ரேட், பாஸ்பேட், குழாயிலிருந்து வரும் தாமிரம் எல்லாம் அப்படியே தாண்டி வரும். நமக்கு அதனால் ஒன்றுமில்லை. பவளமும் இறாலும் தாமிரத்தை மிகச் சிறு அளவிலும் தாங்காது. சிலிக்கேட் இருந்தால் மணல் மேல் பழுப்புப் பொடி திரும்பத் திரும்பப் படியும். மேலும், ஆவியாவது தண்ணீர் மட்டுமே. நாளுக்கு 3 லிட்டர் ஊற்றுகிறீர்கள், அதில் டிடிஎஸ் (கரைந்த பொருளின் அளவு) 60 பிபிஎம் என்றால் மாதத்தில் 5 கிராமுக்கு மேல் வேண்டாத பொருளைத் தொட்டியில் சேர்த்துவிட்டீர்கள். தாது சேர்க்கும் கடைசிக் குப்பியுள்ள குடிநீர் ஆர்ஓவும் ஆகாது. அது எடுத்ததைத் திரும்பப் போடுகிறது.

வேண்டியது நாலு கட்டம்: 5 மைக்ரான் வண்டல் குப்பி, கார்பன் குப்பி, ஆர்ஓ மெம்பிரேன், கடைசியில் மிச்சமுள்ள கரைந்த பொருளைப் பிடிக்கும், நிறம் மாறும் டிஐ ரெசின். கொண்டோக்களில் கவனிக்க வேண்டியது அழுத்தம். மெம்பிரேனுக்கு 50 முதல் 60 பிஎஸ்ஐ வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் 10 மீட்டர் உயரத்துக்கு 14 பிஎஸ்ஐதான் தரும். மேல்தளங்களில் அதுவும் இருக்காது. தரைவீடுகளில் சமையலறை சிங்க் குழாய் பெரும்பாலும் மெயின் குழாயோடு நேராக இணைந்திருக்கும், குளியலறைக் குழாய்கள் கூரைத் தொட்டியிலிருந்து வரும். ஆகவே சமையலறையில் இணைப்பதே நல்லது. கொண்டோவில் எங்கே இணைத்தாலும் அழுத்தமானி வைத்துப் பாருங்கள். 40க்குக் கீழே என்றால் பூஸ்டர் பம்ப் தேவை. அழுத்தம் குறைந்தால் நல்ல தண்ணீர் சொட்டும், கழிவுநீர் கொட்டும், டிஐ ரெசினும் சீக்கிரம் தீரும்.

75 கேலன் என்று எழுதிய மெம்பிரேன் சரியான அழுத்தத்தில் நாளுக்கு 280 லிட்டர் வரை தரும். ஒரு லிட்டருக்கு மூன்று நாலு லிட்டர் கழிவாகப் போகும்; அதைத் தரை துடைக்க, செடிக்கு ஊற்றப் பிடித்து வையுங்கள். திறந்தவுடன் வரும் முதல் இரண்டு லிட்டரில் டிடிஎஸ் எகிறும், கொட்டிவிடுங்கள். டிஐக்குப் பிறகு மீட்டர் 0 காட்ட வேண்டும்; 1 வந்ததுமே ரெசினை மாற்றுங்கள், 5 வரும்வரை காத்திருக்க வேண்டாம். தீர்ந்த ரெசின் முன்பு பிடித்த சிலிக்கேட்டை மொத்தமாக அவிழ்த்துவிடும்.

தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால் முந்தின நாளே 40, 50 லிட்டர் பிடித்து மூடி வையுங்கள். தடை முடிந்து முதலில் வருவது துருவும் சேறும். குழாயைத் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை திறந்துவிட்டு, அப்புறம் ஆர்ஓவைத் திறங்கள். இல்லாவிட்டால் வெள்ளை வண்டல் குப்பி ஒரே நாளில் தேத்தண்ணீர் வடிகட்டி போல ஆகிவிடும்.

வாசகர், தஞ்சோங் பூங்கா: வீட்டிலிருந்து கடல் தெரிகிறது. அந்தத் தண்ணீரையே வடிகட்டி ஊற்றினால் என்ன?

ஊற்றலாம், வருந்தலாம். பினாங்கைச் சுற்றியுள்ள கரையோர நீர் வண்டலும் ஆற்று நீரும் கலந்தது. சுங்கை மூடா கலக்கும் பக்கம் மழை நாளில் உப்பு ஆயிரத்தில் 30 பங்குக்கும் கீழே போகும், பவளத்துக்கு 35 வேண்டும். வடிகட்டினால் மண் போகும், கரைந்த உரமும் எண்ணெயும் போகாது. கடலுக்குப் போகும் ஆசையில் பாறையோ பவளமோ எடுத்துவராதீர்கள். பூலாவ் பாயார் போன்ற கடற்பூங்காக்களில் பவளம் எடுப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது.

வாசகர், ஜெலுத்தோங்: பாஸ்பேட் 0.4 பிபிஎம் இருந்தது. கடையில் சொன்னபடி, பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ என்ற இரும்பு ஆக்சைடு துகளை முழு அளவு ரியாக்டரில் (நீர் ஊடே ஓடும் குழல்) போட்டேன். ஒரே வாரத்தில் 0.02க்கு வந்தது. சந்தோஷப்பட்டு முடிவதற்குள் அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளுத்து, அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தது. இப்போது மணல் மேல் பழுப்புக் கோழை, அதில் குமிழிகள். நத்தைகள் இரண்டு செத்துவிட்டன.

துகளில் குறையில்லை, வேகத்தில்தான். 0.4இல் பல மாதம் பழகிய பவளத்துக்கு ஒரு வாரத்தில் 0.02 என்பது பட்டினி. கார்பனேட் காரத்தன்மை உயரமாக இருந்தால் கேடு இரட்டிப்பு: எலும்பு வளர வேகப்படும், மேலே போர்த்தத் தசை இருக்காது, நுனி வெளுக்கும். உங்களுடையது 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) அளவுக்கு மேல் இருந்தால் மெல்ல 7.5 முதல் 8க்குக் கொண்டு வாருங்கள்.

ரியாக்டரை இன்றே நிறுத்துங்கள். மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். 0.05 முதல் 0.1க்குள் நின்றால் போதும், பூச்சியம் யாருக்கும் தேவையில்லை. பாறையும் மணலும் முன்பு உறிஞ்சிய பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும்; நிறுத்திய பிறகு அளவு தானாக ஏறினால் மிரள வேண்டாம். மறுபடி போடுவதானால் தாளில் சொன்ன அளவில் கால் பங்கு. சிவப்புத் தண்ணீர் நிற்கும்வரை ஆர்ஓ நீரில் அலசி, துகள்கள் மேற்பரப்பில் மட்டும் லேசாக அசையும்படி ஓட்டத்தை வையுங்கள். கொதிப்பது போல் புரண்டால் ஒன்றோடொன்று அரைபட்டுத் துருப்பொடி தொட்டிக்குள் வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து, ஒரு வாரத்தில் 0.05க்கு மேல் இறங்காமல் பாருங்கள்.

பழுப்புக் கோழை டைனோவாக (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) இருக்கலாம். நத்தை சாவது அந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியத்தை ஒட்டினால் போட்டிப் பாசியெல்லாம் பட்டினியில் ஒதுங்க, இது வந்து உட்கார்ந்துவிடும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கோழையைச் சிறு குழாயால் தண்ணீரோடு உறிஞ்சி ஒரு பாட்டிலில் எடுங்கள். கோழை முற்றிலும் கலைந்து தண்ணீர் வெறும் பழுப்பாகும்வரை குலுக்குங்கள். டிஷ்யூத் தாளில் வடிகட்டுங்கள். வடிந்த தெளிநீரைக் கண்ணாடிக் குவளையில் விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மெல்லிய இழைகள் மறுபடி கூடிக் கோழையாகத் திரண்டால் டைனோ. ஒன்றும் கூடாவிட்டால் சாதாரண டயாட்டம் பாசி.

டைனோ என்றால் ஃபில்டர் பக்கம் உதவக்கூடியது யூவி (புற ஊதா விளக்கு). இரவில் நீரில் மிதந்து திரியும் ஆஸ்ட்ரியோப்சிஸ் வகை டைனோவின் மேல் அது நன்றாக வேலை செய்யும். யூவியின் குழாய் சம்பிலிருந்து அல்லாமல் மேல் தொட்டியிலிருந்தே நேராக எடுக்க வேண்டும், ஓட்டம் மெதுவாக இருக்க வேண்டும். மணலை விட்டு எழாத ஆம்பிடினியம் வகைக்கு யூவி வீண்செலவு. கூடவே புதுக் கார்பன் போடுங்கள், நஞ்சைக் கொஞ்சம் பிடிக்கும். கையுறை இல்லாமல் கை விடாதீர்கள். எரிச்சலில் பாறையை எடுத்து வெந்நீரில் கொதிக்க வைக்கும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள்: சில பவளங்களில் உள்ள பாலிடாக்சின் ஆவியோடு கிளம்பி, வீட்டிலுள்ளவர்களை மருத்துவமனைக்கு அனுப்பும்.

வாசகர், செந்தூல்: எங்கள் தாமானில் டிங்கிக்காக அடிக்கடி புகை அடிக்கிறார்கள். போன முறை மறுநாள் காலையில் கிளீனர் இறால் இரண்டும் செத்துக் கிடந்தன. ஃபில்டரை நிறுத்தி வைக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதும் தப்பா?

இறால்தான் முதலில் போகும். கொசுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் இறாலுக்கும் நண்டுக்கும் நுண்ணளவிலேயே நஞ்சு, மீனுக்கும் அப்படியே. ஸ்கிம்மர் அறைக் காற்றை நிமிடத்துக்குப் பல லிட்டர் உறிஞ்சித் தண்ணீரில் பொடியாக அரைத்துக் கலக்கும் கருவி. காற்றில் இருப்பதை வேறெதுவும் இவ்வளவு கச்சிதமாகத் தொட்டிக்குள் சேர்க்காது.

அறிவிப்பு வந்த அன்று ஸ்கிம்மர், காற்றுப் பம்ப், குளிர்விக்கும் விசிறி மூன்றையும் நிறுத்துங்கள். தண்ணீருக்கடியில் சுழலும் அலைப்பம்ப் ஓடட்டும். ஜன்னலை அடைத்து, தொட்டியையும் சம்பையும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். புகை அடங்கி, வீட்டுக் காற்று ஒருமுறை முழுதாக மாறிய பிறகு தாளின் மேற்புறத்தைத் துடைத்து எடுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் பவளம் தாங்கும். பிறகு கார்பன் முழு அளவு புதிதாகப் போட்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். இறால் தடுமாறுவதைக் கண்டால் 25 விழுக்காடு தண்ணீரை உடனே மாற்றுங்கள். அதற்காகவே கலந்த உப்புநீர் ஒரு தொட்டி எப்போதும் கைவசம் இருப்பது நல்லது. பிஎச் ஏறட்டும் என்று ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டிருப்பவர்கள் புகை நாளிலும் புகைமூட்டக் காலத்திலும் அதை உள்ளே இழுக்க மறக்கிறார்கள். மின்கொசுவிரட்டியையும் தொட்டி அறையில் செருக வேண்டாம், பெரும்பாலானவற்றில் அதே குடும்பத்து மருந்துதான்.

சாம்பிராணியால் சாமிக்கோ மீனுக்கோ குறையில்லை. சாமி மேடையும் சம்ப் அலமாரியும் ஒட்டியிருந்தால் மட்டும் அரை மணி நேரம் ஸ்கிம்மரை அணைத்துவிட்டுப் போடுங்கள். அணைத்ததைத் திரும்பப் போட மறக்காமல் இருக்க, அதன் சுவிட்சின் மேல் தீப்பெட்டியை வையுங்கள் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நல்ல யோசனை.

வாசகர், ஆயர் ஈத்தாம்: மின்சாரம் போனதும் சம்ப் நிரம்பி ஹால் முழுக்கத் தண்ணீர். தொட்டி 120×60 செ.மீ. பரப்பு. நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வும் போட்டிருந்தேன்.

பம்ப் நின்றதும் நீர் திரும்பும் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை உள்ள தண்ணீர் சைஃபனாகக் கீழே இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ.க்கு 7.2 லிட்டர். வாய் 6 செ.மீ. மூழ்கியிருந்தால் 43 லிட்டர், அதோடு குழாய்களில் இருப்பதும் சேரும். சம்பில் அவ்வளவு காலியிடம் இல்லையென்றால் ஹால்தான் சம்ப். குழாய் வாயை 2 செ.மீ.க்கு உயர்த்துங்கள், அல்லது நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 5 மி.மீ. துளை போடுங்கள், காற்று புகுந்து சைஃபன் உடையும். அந்தத் துளையைப் பாசியும் குட்டி நத்தையும் அடைக்கும், வாரம் ஒருமுறை பல்குத்தியால் குத்துங்கள். செக் வால்வில் ஒரு மணல் பருக்கை மாட்டினால் போதும், அது மூடாது. அதை நம்பிச் சம்பை நிரப்பாதீர்கள். சரிசெய்ததும் நீங்களே பம்ப்பை அணைத்து, தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பார்த்து, சம்ப் கண்ணாடியில் ஓட்டும்போது உள்ள மட்டத்துக்கு மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருபோதும் நிரப்ப வேண்டாம்.

கேனிஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு: மின்சாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் திரும்ப வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய நீர் இருக்கும். கழற்றி மோந்து பாருங்கள். முட்டை நாற்றம் வந்தால் அந்த நீரைக் கொட்டி அலசிவிட்டு ஓட்டுங்கள்.

வாசகி, பாயான் பாரு: வாடகை அறையில் 60 லிட்டர் தொட்டி. ஸ்கிம்மர், சம்ப் இரண்டுக்கும் இடமில்லை. முடியுமா?

முடியும். 6 முதல் 8 கிலோ லைவ் ராக், ஒரு சின்னப் பின்தொங்கு ஃபில்டர், அதில் பஞ்சும் இரண்டு மேசைக்கரண்டி கார்பனும். பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அலசிப் போட வேண்டாம், விலை சொற்பம். வாரம் 6 முதல் 9 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். இந்த அளவுத் தொட்டிக்கு ஸ்கிம்மர் இதுதான். நீமோ ஜோடி ஒன்று, காளான் பவளம், ஜோஆந்திட், இவ்வளவோடு ஆறு மாதம் நிறுத்துங்கள்.

விசிறி வைத்தால் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகும், உப்பு 35இலிருந்து 35.6 ஆகும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் 36க்கு மேல். தானாக நிரப்பும் கருவி ஸ்கிம்மரைவிட உங்களுக்கு அவசரம். அதன் வாளியில் 5 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம்: சென்சார் ஒட்டிக்கொண்டு மொத்தமும் இறங்கினாலும் உப்பு 32, 33க்குத்தான் விழும், 20 லிட்டர் வாளியாக இருந்தால் அறையும் நனையும், பவளமும் போகும்.